தோலும் இயற்பியலும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

இத்தகைய விழாக்களில் கல்வியின் பெருமையைப் பற்றிப் பொதுப்படப் பேசி அமர்வது வழக்கம். கல்வி வேண்டும் என்று இம்மன்றத்தில் இருப்போர்க்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அதற்காக வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே அவ்வழக்கத்தினின்றும் சற்று விலகி, வேறொரு வினாவுக்கு விடை கூற முற்படுகின்றோம். பல்கலைக்கழகத்து இயற்பியல் துறையில் ஆராய்ச்சி என்ற பெயரால் ஆண்டுக்கணக்கில் என்னதான் செய்கிறார்கள் என்று நம் மாணவர் பலர் கேட்கின்றனர். பெற்றோரும் கேட்கின்றனர், ஆனால் அவர்கள் கேட்கும் முறை வேறு. "எம்.எஸ்சி.யும் முடித்துவிட்டானே, இன்னும் என்ன படிப்பு?" என்பதே அவர்கள் வினா. இரண்டும் நியாயமான வினாக்களே. இரண்டுக்கும் சேர்த்து, நம் சென்னையிலேயே நடந்தேறிய ஓர் ஆராய்ச்சியின் வரலாற்றை விடையாகச் சொல்லலாம் என்று எண்ணுகின்றோம். அது விண்ணைப் பற்றிய ஆராய்ச்சி அன்று. அணுகுண்டைப் பற்றியதும் அன்று. தோலைப் பற்றியது.

தோல் என்றதும் இங்கே சிலர் தலைகுனிவதைக் காண்கின்றோம். அது இயல்பே. தோல் உரிப்போர், பதனிடுவோர் முதலியோரின் பிள்ளைகளுக்கென்று மத்திய அரசு 1977-78இல் ஓர் உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. உதவி நல்லதே, பலர் அதனால் படித்தனர். ஆனால் அதன் ஆங்கிலப் பெயரில் அத்தொழில்களுக்கு 'அசுத்தமான தொழில்' என்றே அடைமொழி இருந்தது. பள்ளியில் படிவம் நிரப்பும் பிள்ளை தன் தந்தையின் உழைப்புக்கு நேரே அச்சொல்லைக் காண நேர்ந்தது. அப்பிள்ளை அத்தொழிலை மட்டுமா வெறுக்கும்? அத்தொழிலுக்குள் இருந்த அறிவையும் சேர்த்தே வெறுக்கும். தொழிலை விடுவது வேறு, அறிவை விடுவது வேறு என்பதை நம் இளைஞர்க்குச் சொல்வாரில்லை.

அந்த அறிவுதான் யாது? உரித்த தோல் ஒரே நாளில் அழுகத் தொடங்கும், உப்பிட்டால் நிற்கும். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறினால் மயிர் கழலும், தோலின் இழைகளும் விரிந்து கொடுக்கும். ஆவாரம் பட்டையும் கொன்றைப் பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் நாள்பல கிடந்தால் அதே தோல் அழுகாத பொருளாக மாறிவிடும். இவ்வாறு பதனிட்ட சென்னை மாகாணத்துத் தோல் கப்பலேறி உலகெங்கும் சென்றது. பச்சைத்தோலை நீரில் இட்டுக் கொதிக்க வைத்தாலோ சுருங்கி, குழைந்து, ஈற்றில் தச்சர் மரத்தை ஒட்டும் வஜ்ஜிரம் ஆகிவிடும். ஆனால் பதனிட்ட தோல் அந்தச் சூட்டில் அவ்வாறு குழைவதில்லை. பறையை எடுத்து அடிக்கும் முன் தீமூட்டிக் காய்ச்சுகிறார்களே, அது ஏன்? தோலின் ஈரம் வெளியேற இழைகள் சுருங்குகின்றன, தோலின் இழுவிசை கூடுகிறது, சுருதி உயர்கிறது. இவையனைத்தும் நம் முன்னோர் கையால் அறிந்தவை. எந்த அளவு சூடு, எத்தனை நாள் ஊறல், எந்தப் பட்டை என்று அவர்களுக்குத் தெரியும். ஏன் என்பது தெரியாது. அதனைக் கேட்டு ஆராய அவர்களுக்கு நேரமும் விடப்படவில்லை, எழுத்தும் தரப்படவில்லை.

அந்த 'ஏன்' என்ற வினாவுக்கு விடை தேடும் வேலை, 1952ஆம் ஆண்டில் கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கிய இயற்பியல் துறைக்கு வந்து சேர்ந்தது.

அப்போது துணைவேந்தராயிருந்தவர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியார். புதிய துறைக்குத் தலைமை ஏற்குமாறு அவர் சர் சி.வி. இராமனை வேண்டினார். இராமன் தாம் வர இயலாதென்று கூறி, தம் மாணவரான ஜி.என். இராமச்சந்திரனைப் பரிந்துரைத்தார். 1922 அக்டோபரில் எர்ணாகுளத்தில் பிறந்த அவருக்கு அப்போது ஏறத்தாழ 30 வயது. பெங்களூரில் இராமனிடம் பயிற்சி, பின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் என்று அவருக்கு வாய்த்த வாயில்கள் பல. திறமை ஒன்றே அவரை அங்குக் கொண்டு சேர்த்தது என்று நாம் சொல்லப்போவதில்லை. திறமையும் இருந்தது, வாயில்களும் திறந்திருந்தன. இரண்டும் சேர்ந்தால்தான் ஆராய்ச்சியாளன் உருவாகின்றான் என்பதை நம் கழகம் கணக்கில் கொள்ளவேண்டும்.

துறை தொடங்கிற்று; எதை ஆராய்வது? ஆராய்ச்சியில் பாதி வேலை இவ்வினாவுக்கு விடை காண்பதே. அக்காலத்தில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற படிகவியல் அறிஞர் பெர்னால் சென்னைக்கு வருகை தந்தார். கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை, அதுவரை வெளிவந்த கருத்துகளும் நிறைவளிக்கவில்லை என்று அவர் உரையாடலில் குறிப்பிட்டார். இராமச்சந்திரன் அதனைப் பிடித்துக்கொண்டார்.

கொலாஜன் என்றால் என்ன? தோலின் உறுதிக்குக் காரணமான இழைப்பொருள். தோலில் மட்டுமன்று, எலும்பிலும் தசைநாணிலும் குருத்தெலும்பிலும் அது உண்டு. நம் உடலில் உள்ள புரதங்கள் அனைத்தையும் கூட்டினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதுவே. தோல் பதனிடுதல் என்பது கொலாஜனைப் பதனிடுதலே ஆகும். இப்பொருளையே நாளும் கையாளும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், 1948இல் நிறுவப்பட்டு, கிண்டி வளாகத்தை அடுத்து அடையாற்றில் இருந்ததும் ஒரு நல்வாய்ப்பு.

ஆராய்ச்சி நடந்த முறையைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். ஏனெனில் அது நாம் கற்பனை செய்துகொண்டிருப்பது போன்றதன்று. நூலிழை போன்ற ஒரு கொலாஜன் துண்டை நிறுத்தி, அதன்மீது எக்ஸ்-கதிர்களைச் செலுத்தினால், மறுபுறத்துப் படச்சுருளில் கரும்புள்ளிகளும் வளைவுகளும் விழும். அவற்றின் இடைவெளியை அளந்து, உள்ளே அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டிருக்கும் என்று உய்த்துணர வேண்டும். ஒரு வீட்டினுள் செல்லாமல், வெளிச்சுவரில் விழும் நிழலைக்கொண்டு உள்ளிருக்கும் சாமான்களைச் சொல்வது போன்ற வேலை அது. கங்காருவின் வாலில் உள்ள தசைநாண் இழை மிகத் தெளிவான படங்களைத் தந்தது. இழையின் நீளவாட்டில் ஏறத்தாழ 2.9 ஆங்ஸ்ட்ரம் இடைவெளியில் ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது என்று படம் கூறிற்று. ஓர் ஆங்ஸ்ட்ரம் என்பது ஒரு மில்லிமீட்டரைக் கோடிக் கூறாக்கினால் வரும் ஒரு கூறு.

படத்தோடு இன்னொரு செய்தியும் கையில் இருந்தது. புரதங்கள் யாவும் அமினோ அமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்த மாலைகள். மணிகளில் சுமார் 20 வகை. மற்றப் புரதங்களில் அவை கலந்து வர, கொலாஜனில் மட்டும் மூன்றில் ஒரு மணி கிளைசின் என்று வேதியியலார் கணக்கிட்டிருந்தனர். கிளைசின்தான் எல்லாவற்றிலும் சிறியது. மற்ற மணிகளுக்குப் பக்கவாட்டில் துருத்தும் கிளை உண்டு, இதற்கு ஓர் ஐதரசன் அணு மட்டுமே. அவ்வளவு சிறிய மணி, அவ்வளவு ஒழுங்காக, மூன்றுக்கு ஒன்றாக ஏன் வரவேண்டும்?

இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் 1954இல் விடை கண்டனர். மூன்று மாலைகள் பக்கம் பக்கமாக நெருங்கிச் சேர்ந்திருக்கின்றன. அவை சேரும் நட்டநடு அச்சில் இடம் மிகக் குறுகல். அவ்விடத்தில் நிற்கக் கிளையில்லாத கிளைசினால் மட்டுமே இயலும். ஒவ்வொரு மாலையும் மூன்றாவது மணிதோறும் தன் கிளைசினை நடுவில் வைத்துவிடுகிறது. பெரிய மணிகள் புறத்தே நிற்கின்றன. இதனை அவர்கள் 'நேச்சர்' இதழில் 1954இல் வெளியிட்டனர். மறு ஆண்டே தம் அமைப்பைத் திருத்தி, மூன்று மாலைகளும் நேராக நிற்பதில்லை, ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு செல்கின்றன என்று காட்டினர். சுற்றிச் செல்லும்போது கிளைசின் எப்போதும் நடுவையே நோக்கி இருப்பது எங்ஙனம்? நிலவு பூமியைச் சுற்றும்போது தன் ஒரே முகத்தையே நமக்குக் காட்டிக்கொண்டிருக்கிறதல்லவா, அங்ஙனமே என்றார் இராமச்சந்திரன்.

கயிறு திரிக்கும் குடும்பத்தில் பிறந்தோர் இங்கிருப்பின் அவர்கட்கு இது எளிதில் விளங்கும். ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்குவோம். மூன்று புரிகளையும் சேர்க்கும்போது எதிர்ப்பக்கமாக முறுக்குவோம். அப்போதுதான் கயிறு பிரியாது நிற்கும். கொலாஜனிலும் அதுவே நிகழ்கிறது: தனி மாலை இடப்பக்கம் சுருள்கிறது, மூன்றும் சேர்ந்தது வலப்பக்கம் சுருள்கிறது. ஒவ்வொரு மாலையிலும் ஏறத்தாழ 1,000 மணிகள். இக்கயிற்றின் தடிப்பு ஒரு தலைமயிரின் தடிப்பில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு.

முப்புரி என்றதும் சிலர்க்கு வேறொரு நூல் நினைவுக்கு வரக்கூடும். அதனைத் தோளில் அணிந்தோரும் அணியக்கூடாது என்று விலக்கப்பட்டோரும் உண்டு. ஆனால் அத்தோளின் தோலுக்குள் ஓடும் முப்புரி எவருக்கும் ஒன்றே. மனிதனுக்கும், அவன் தொடமாட்டேன் என்ற மாட்டுக்கும்கூடப் பெரும்பாலும் ஒன்றே. இயற்பியல் சமூகச் சீர்திருத்தம் பேசுவதற்கென்று ஏற்பட்டதன்று. இருப்பினும் சில வேளைகளில் கேளாமலே பேசிவிடுகிறது.

இப்போது நம் முன்னோரின் தொட்டிக்குத் திரும்புவோம். பச்சைத்தோலை நீரில் சூடேற்றினால் ஏறத்தாழ 60 முதல் 65 பாகை செல்சியசில் அது சுருங்குகிறது. முப்புரி அவிழ்வதே அச்சுருக்கம். அவிழ்ந்த புரிகள் நீரில் கரைந்த நிலையே வஜ்ஜிரம். ஆவாரம் பட்டையில் உள்ள துவர்ப்பொருள் புரிகளுக்கிடையே புகுந்து பல முனைகளில் பிணைத்துவிடுகிறது. ஆகவே சுருங்கும் வெப்பநிலை 75, 80 பாகைக்கு மேல் உயர்கிறது. குரோமிய உப்பு இன்னும் இறுகக் கட்டுகிறது. அவ்வாறு பதனிட்ட தோல் கொதிநீரையும் தாங்கும். குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயரே அம்முறையைக் கையாண்ட தோல் ஆலையினால் வந்தது. நூற்றாண்டுகளாகக் கை அறிந்திருந்த செய்திக்குக் காரணம் கிண்டியில் ஒரு மேசைமீது விளங்கிற்று. தோலைப் பதனிட்ட பரம்பரையின் பெயர் இயற்பியல் நூல்களில் இல்லை. அதனைக் குறை கூறுவதற்காக இங்குச் சொல்லவில்லை. பெயர் இடம்பெற வேண்டுமானால் எழுதும் இடத்தில் நாமும் இருக்கவேண்டும் என்பதற்காகவே சொல்லுகின்றோம்.

இதன்பின் நிகழ்ந்ததையே நம் இளைஞர்கள் கூர்ந்து கேட்கவேண்டும்.

சென்னையிலிருந்து வந்த இம்முடிவை மேலைநாட்டார் அப்படியே ஏற்கவில்லை. மரபணுப் பொருளான டி.என்.ஏ.யின் அமைப்பை 1953இல் வாட்சனுடன் சேர்ந்து கண்ட கிரிக், ரிச் என்பாருடன் கூடி 1955இல் மறுப்பு எழுதினார். மூன்று மாலைகள் என்பது சரி, சுற்றிச் செல்வதும் சரி. ஆனால் சென்னை அமைப்பில் சில அணுக்கள் ஒன்றையொன்று இயற்கை அனுமதிக்கும் அளவுக்கு மேல் நெருங்கிவிடுகின்றன, புரிகளைப் பிணைக்கும் ஐதரசன் பிணைப்பும் மும்மணிக்கு இரண்டு இருக்க முடியாது, ஒன்றே இருக்க முடியும் என்பது அவர்கள் வாதம்.

உலகறிந்த கேம்பிரிட்ஜ் ஒருபுறம். தொடங்கி மூன்றாண்டே ஆன சென்னைத் துறை மறுபுறம். இந்நிலையில் இருவழிகள் எளியவை. பெரியோர் சொல்லிவிட்டனர் என்று ஒடுங்கிப்போவது ஒன்று; நம்மை இழிவுபடுத்திவிட்டனர் என்று சினந்து நிற்பது மற்றொன்று. நம் பிள்ளைகள் கல்லூரிகளில் இவ்விரண்டுக்கும் இடையே ஊசலாடுவதை நாம் கண்டிருக்கின்றோம். அதற்கான காரணங்களும் வெறும் மனப்பிரமை அல்ல. இராமச்சந்திரனும் அவர்தம் மாணவரும் மூன்றாவதொரு வழியை மேற்கொண்டனர். 'அளவுக்கு மேல் நெருக்கம் என்கிறீர்களே, அந்த அளவு யாது?' என்று கேட்டனர். வியப்பு என்னவெனில், அதற்குத் திட்டமான விடை எவரிடமும் ஒழுங்குற இல்லை. அதுவரை உலகில் வெளிவந்திருந்த படிக அமைப்புகளைத் திரட்டி, கரியணுவுக்கும் கரியணுவுக்கும், கரியணுவுக்கும் ஆக்சிசனுக்கும், நைட்ரசனுக்கும் ஐதரசனுக்கும் என்று ஒவ்வோர் இணையும் எவ்வளவு நெருங்கலாம் என்று பட்டியலிட்டனர். சசிசேகரன் இதில் பெரும்பங்கு கொண்டார். இது நூலகத்தில் செய்யும் வேலை. பொறுமை தவிர வேறு மூலதனம் வேண்டாத வேலை.

பட்டியல் கிடைத்தபின் வினா விரிந்தது. கொலாஜனை விடுங்கள்; பொதுவாக எந்தப் புரதமாலையும் எவ்வெவ்வாறு வளையலாம்? மாலையின் ஒவ்வொரு மணிக்கும் இருபுறத்திலும் இரண்டு பிணைப்புகள் கதவின் கீல் போலத் திரும்பவல்லவை. இரண்டு கோணங்கள், கிரேக்க எழுத்துகளால் ஃபை என்றும் சை என்றும் அவற்றைக் குறிக்கின்றனர். இரண்டையும் 10 பாகைக்கு ஒன்றாகத் திருப்பிப் பார்ப்பதாக வைத்துக்கொண்டால், 36-ஐ 36-ஆல் பெருக்க 1,296 நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் அணுக்களுக்கிடையே உள்ள தொலைவுகளைக் கணக்கிட்டு, பட்டியலோடு ஒப்பிட்டு, இடிக்கிறதா இடிக்கவில்லையா என்று தீர்மானிக்க வேண்டும். இன்றைய கணிப்பொறிக்கு இது கண்ணிமைக்கும் வேலை. அன்று ராமகிருஷ்ணன் முதலிய மாணவர் மேசைமீது வைத்துக் கையால் இயக்கும் கணக்குப் பொறிகளைக் கொண்டு செய்தனர்.

முடிவை ஒரு சதுரத்தாளில் வரைந்தனர். குறுக்கே ஒரு கோணம், நெடுக்கே மற்றொன்று. இடிக்காத இடங்களுக்கு எல்லைக்கோடு போட்டபோது, சதுரத்தின் பெரும்பகுதி வெறுமையாயிற்று. கிளைசின் அல்லாத மணிகளுக்கு அனுமதிக்கப்பட்ட இடம் கால் பங்குக்கும் குறைவே. அந்தச் சிறு திட்டுகளுக்குள்ளேயே அறியப்பட்ட புரத அமைப்புகள் வந்து விழுந்தன. 1963இல் இராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவர் பெயரில் ஓர் ஐந்து பக்கக் கட்டுரை வெளிவந்தது. அவ்வரைபடமே இன்று உலகெங்கும் 'இராமச்சந்திரன் வரைபடம்' எனப்படுகிறது. புதிய புரத அமைப்பு ஒன்றைக் கண்டோம் என்று எவர் சொன்னாலும், அது இவ்வரைபடத்தில் எங்கே விழுகிறது என்று பார்த்த பின்னரே ஏற்கின்றனர். உலகப் புரதத் தரவு வங்கியில் சேர்க்கப்பட்ட அமைப்புகள் 2023இல் இரண்டு இலட்சத்தைக் கடந்தன. கணிப்பொறியே ஊகித்துத் தரும் அமைப்புகளும் இப்போது வருகின்றன. அவையும் இந்தச் சதுரத்தாளுக்குத் தப்புவதில்லை.

கொலாஜன் வழக்கில் வென்றவர் யார் என்று கேட்பீர்கள். 1994இல் அமெரிக்க ஆய்வாளர்கள் முப்புரியின் படிகத்தை அணு அணுவாகக் கண்டபோது, மூன்று மாலைகள் என்ற சென்னை அடிப்படை நிலைத்தது. நேரடிப் பிணைப்பு மும்மணிக்கு ஒன்றே என்பதில் கிரிக், ரிச் கூற்று நிலைத்தது. நீர் மூலக்கூறுகள் இடையில் நின்று பாலம் அமைக்கும் என்று இராமச்சந்திரன் பின்னர் கூறியதற்கு ஒப்ப, நீர்ப்பாலங்களும் காணப்பட்டன. ஆக, முழுவெற்றி எவருக்கும் இல்லை. ஆனால் அந்த மறுப்பு வந்திராவிட்டால் 1963ஆம் ஆண்டின் வரைபடமும் வந்திராது. கொலாஜனைவிடப் பெரிய பயன் அம்மறுப்பிலிருந்தே விளைந்தது என்பது எங்கள் கருத்து.

இராமச்சந்திரன் பின்னர்ப் பெங்களூருக்குச் சென்றார். 1971இல் லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து அவர் வகுத்த ஒரு கணக்குமுறை, மருத்துவமனைகளில் உடலை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் சி.டி. பொறிகளுக்குப் பயன்பட்டது. அது தனியே பேசவேண்டியது. 2001 ஏப்ரலில் சென்னையில் காலமானார். மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கு ஒன்றுக்கு முச்சுருள் எனப் பொருள்படும் 'டிரிபிள் ஹீலிக்ஸ்' என்ற பெயரே சூட்டப்பட்டிருக்கிறது.

பெற்றோரின் வினாவுக்கு வருவோம். "இன்னும் என்ன படிப்பு?" 1952 தொடங்கி 1963 வரை 11 ஆண்டுகள். கொலாஜனின் முதல் விடைக்கே இரண்டாண்டு ஆயிற்று. ஒரு மாணவன் முனைவர் பட்டத்திற்கு ஐந்தாண்டு செலவிடுவது சோம்பலும் அன்று, வேலை கிடைக்காமையும் அன்று. ஆனால் அந்த ஐந்தாண்டும் வீட்டுக்குப் பணம் அனுப்பவேண்டிய மூத்த மகனின் நிலைமை நமக்குத் தெரியும். தங்கையின் திருமணம் காத்திருக்காது, கந்துக்காரன் காத்திருக்கமாட்டான். ஆராய்ச்சிக்கு வேண்டிய மூளை நம் தெருக்களில் இல்லை என்று எவரும் சொல்லத் துணியார். அந்த ஐந்தாண்டுதான் நம் தெருக்களில் இல்லை.

அதற்கு ஓரளவு வழியுண்டு. பட்டியல் இனத்தவர்க்கென்று 2005-06இல் ராஜீவ் காந்தி பெயரால் தொடங்கப்பட்ட தேசிய ஆய்வு உதவித்தொகை இன்று வேறு பெயரில் தொடர்கிறது. தேசிய அளவில் இளநிலை ஆய்வாளர்க்குரிய மாதத்தொகை 2023 சனவரி முதல் 37,000 ரூபாய். இத்தொகை மாதந்தோறும் தவறாமல் கைக்கு வருவதில்லை, சில வேளைகளில் பல மாதங்கள் நிலுவையில் நிற்கிறது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. அவ்வாறு நிற்கும் மாதங்களில்தான் நம் பிள்ளைகள் ஆராய்ச்சியைக் கைவிட்டு ஊர் திரும்புகின்றனர். கழகத்தின் நிதியில் ஒரு பகுதியை இத்தகையோர்க்குக் கைமாற்றாகத் தந்து, தொகை வந்ததும் திரும்பப் பெறும் ஏற்பாட்டைச் செய்யுமாறு பொறுப்பாளர்களை இம்மேடையிலிருந்தே கேட்டுக்கொள்ளுகின்றோம். விடுதி கட்டியதைவிட இது சிறிய செலவே.

ஆய்வுக்கூடங்களில் சாதி இல்லை என்று நாம் பொய் சொல்லமாட்டோம். வழிகாட்டும் பேராசிரியரைத் தேர்ந்தெடுப்பதிலும், நேர்முகத்தில் மதிப்பெண் இடுவதிலும், உடன் அமர்ந்து உண்பதிலும் அது நுழைவதை அனுபவித்தவர்கள் நம்மிடையே உளர். அதற்குச் சட்டமும் போராட்டமும் அமைப்பும் வேண்டும். இக்கழகம் அதற்காகவும் உள்ளது. அண்ணல் அம்பேத்கர் 1923இல் இலண்டனில் ரூபாயின் பிரச்சினையைப் பற்றி ஆராய்ந்து பட்டம் பெற்றார். அந்நூலும் அதே ஆண்டு வெளிவந்தது. அதே அண்ணல்தான் நாடு திரும்பிய சில ஆண்டுகளில், இறந்த மாட்டின் இறைச்சி உண்பதை விட்டொழிக்குமாறு மராட்டியத்து மக்களுக்கு அறைகூவல் விடுத்தார். ஆராய்ச்சியையும் போராட்டத்தையும் அவர் ஒரே கையால் எழுதினார்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். தோலைப் பற்றிய வினாக்கள் 1963இல் தீர்ந்துவிடவில்லை. குரோமியம் தோலை இறுகக் கட்டும் என்றோம்; கட்டாமல் மிஞ்சிய குரோமியமும் உப்பும் கழிவுநீரில் சேர்ந்து பாலாற்றங்கரை நிலத்தையும் கிணறுகளையும் என்ன செய்தன என்பது வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதியினர்க்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவ்வழக்கில் உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. கழிவுத் தொட்டியில் இறங்கி நச்சுவாயுவால் மடிந்த தொழிலாளர் யார் யார் என்பதும் நமக்குத் தெரியும். குரோமியம் இன்றிப் புரிகளைப் பிணைப்பது எப்படி? உப்பின்றிப் பச்சைத்தோலைக் காப்பது எப்படி? மனிதன் இறங்காமல் தொட்டியைத் தூய்மை செய்வது எப்படி? இவை இயற்பியல், வேதியியல், பொறியியல் ஆகிய மூன்றும் கூடிச் செய்யவேண்டிய ஆராய்ச்சிகள். இவற்றில் ஈடுபட்டோர் உளர். இன்னும் பலர் தேவை. தொட்டியின் நாற்றத்தை அறிந்த வீட்டிலிருந்து ஒருவர் அங்குச் சென்று அமர்ந்தால், எந்த வினாவை முதலில் கேட்பது என்று அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியிராது.

இளம் அறிவியல் இரண்டாம், மூன்றாம் ஆண்டு பயிலும் மாணவ மாணவியர் சிலரை, கிண்டி வளாகத்திலுள்ள படிகவியல் மற்றும் உயிர் இயற்பியல் துறையையும் அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிலையத்தையும் காண, முறைப்படி அனுமதி பெற்று அழைத்துச் செல்ல எண்ணியிருக்கின்றோம். விருப்பமுள்ளோர் பிற்பகல் உணவுக்குப்பின் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். தோல் தொழிலில் இருக்கும் பெரியோர் இருவர் உடன் வந்தால் மாணவர்க்கு மிகவும் உதவியாக இருக்கும். அவர்களும் பெயர் கொடுக்குமாறு வேண்டுகின்றோம்.